சல்லடையில் தங்கியது

போன மாதம் தெப்ராவிலிருந்து ஒரு போன் வந்தது. முப்பத்தோரு வருடம் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சோதனைக்கூடத்திலிருந்துதான். இப்போது அங்கே தாளில் நிரப்புகிற பாரமே கிடையாதாம், எல்லாவற்றையும் டேப்லெட்டில் தட்டுகிறார்களாம். பழைய பாரங்களைப் புதியதில் ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு சந்தேகம்.

"அக்கா, மண்ணு டெஸ்ட் பாரத்துல 'சல்லடையில் தங்கியது: எடை, என்ன பொருள்'னு ஒரு கட்டம் இருக்கு. வேற எந்த லேப்லயும் இப்படி இல்ல. எடுத்துடலாமா?"

எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது என்னைப் பற்றி அவ்வளவு நல்ல கதையாக இல்லை. இருந்தாலும் சொன்ன வாக்கு சொன்னதுதான்.

என் வேலை கரையான் எண்ணுவது. சோதனைக்கூட உதவியாளர் என்பது அடையாள அட்டையில் இருந்த பெயர். கல்யாணத்துக்குத் தங்காக்கில் புடவை எடுக்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்க, என் அம்மா "ஆராய்ச்சி" என்று சொல்லிச் சமாளித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கரையான் எத்தனை செத்துச்சுன்னு எண்ணுவேன் அத்தை" என்றேன். அதற்கப்புறமும் கல்யாணம் நடந்தது என்றால் அவர்களுடைய பெருந்தன்மைதான்.

எங்களிடம் வருகிறவர்கள் மருந்துக் கம்பெனிக்காரர்கள், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள், உரம் விற்பவர்கள். பூச்சிமருந்து எந்த மண்ணிலும் ஒரே மாதிரி கொல்லாது. வெறும் மணலில் ஒரு சொட்டு மருந்துக்கே சாகிற பூச்சி, மக்கிய உரம் கலந்த மண்ணில் அதே மருந்துக்கு ஜாலியாக நடமாடும். சுண்ணாம்பு கலந்தால் சில மருந்து சீக்கிரம் கெட்டுப்போகும். மண்ணில் எதைக் கலந்தால் மருந்தின் வேகம் ஏறும், எதைக் கலந்தால் இறங்கும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு.

சேர்ந்து ஆறு மாதம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் மண் சலித்தேன். உயிருள்ள பூச்சியைத் தொட விட்டது இரண்டாம் வருடத்தில். அதிலும் முதலில் கற்றுக்கொடுத்தது, செத்தது எது என்பதை.

கேட்க எளிதாக இருக்கும். மருந்து பட்ட கரையான் உடனே சாவதில்லை. முதலில் நடை தள்ளாடும். பிறகு மல்லாந்து விழும், கால் மட்டும் உதறிக்கொண்டே இருக்கும். சில நேரம் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து நடக்கும். இதற்கு எங்களிடம் ஒரு விதி இருந்தது. மூன்று மயிர் மட்டும் விட்டு வெட்டிய தூரிகையால் மூன்று முறை தொட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். மூன்றில் ஒரு முறை ஒரு கால் அசைந்தாலும் அது உயிர்தான்.

விதியை வைத்தவர் எங்கள் தலைவர் டாக்டர் குலசிங்கம். அவருடைய தாத்தா ரயில்வே குமாஸ்தா வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் அவர் வீட்டுத் தமிழ் மாறவில்லை. ஆபீசில் ஆங்கிலம்தான் பேசுவார். தமிழில் பேச ஆரம்பித்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு எண்ணியவரின் மேசைக்கே வருவார். நின்றபடி ஒவ்வொரு எண்ணாக வாசிப்பார். ஏதாவது ஒன்றில் நிறுத்தி, "நீர் கண்டனீரா, நினைச்சனீரா?" என்பார். கண்டேன் என்றால் அடுத்த எண்ணுக்குப் போவார். ஒரு நொடி தயங்கினால் அந்த ஜாடியை மறுபடி எண்ண வேண்டும். என்னை இருபது வயதிலிருந்து ஐம்பது வயது வரை 'நீர்' என்றுதான் அழைத்தார், அதில் மரியாதையும் உண்டு, தூரமும் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்து பதினாறு வருடமோ பதினேழு வருடமோ ஆகியிருக்கும். கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். பழைய வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் கிடந்ததால் கரையான் கொழுத்துவிட்டது. நட்ட கன்றுகளை அடியிலிருந்து தின்கிறது. ஒவ்வொரு கன்றின் அடியிலும் மருந்து ஊற்றியும் சாகவில்லை.

தோட்டத்தின் உதவி நிர்வாகி லாரியில் வந்தார், நல்ல இளைஞர், எதற்கும் அவசரப்படுபவர். ஸ்டோரிலிருந்து ஒரு கேன் மருந்தும், கன்று நட்ட குழிகளிலிருந்து தோண்டிய ஒரு சாக்கு மண்ணும் இறக்கினார். டாக்டரிடம் அவர் கேட்டது இதுதான்: இந்த மருந்தை, லேபிளில் போட்ட அளவில், இந்த மண்ணில் ஊற்றினால் கரையான் சாகுமா, சாகாதா? செத்தால் மருந்திலும் மண்ணிலும் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் ஊற்றுகிற கையில்.

ஊற்றுகிற கை அவருடனேயே லாரியில் வந்திருந்தது. சரஸ்வதி. மருந்துக் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாள். மண் எடுத்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட அழைத்து வந்திருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் மருந்து வேலை. கூட்டத்தில் மற்ற எல்லாரும் வங்காளதேசத்துப் பையன்கள். ட்ரம்மில் மருந்தைக் கலப்பது அவள் மட்டும். மருந்தைக் குறைத்துக் கலக்கிறாள், மிச்சத்தை வெளியே விற்கிறாள் என்று அவள்மேல் சந்தேகம். நிரூபித்துவிட்டால் வேலையோடு தோட்டத்து வீடும் போகும்.

இதெல்லாம் உதவி நிர்வாகி டாக்டரின் அறையில் இருந்தபோது அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாக்கை நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன், அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். உள்ளே வரலாம் என்று சொல்லியும் வரவில்லை.

"அக்கா, நான் மருந்துல கை வைக்கல. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். மண்ணு மாத்துனதுல இருந்துதான் இப்படி. முன்ன இதே மருந்து, இதே அளவு, ரெண்டே நாள்ல சுத்தமா செத்துடும்."

"மண்ணையும் சேர்த்துத்தான் பார்க்கப் போறோம், சரசு. கவலப்படாதீங்க" என்றேன்.

நல்ல நம்பிக்கையோடுதான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு லாரியின் பின்பக்கம் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் மண்ணைத் தட்டில் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்ததும் சலித்தேன். இரண்டு மில்லிமீட்டர் சல்லடை. வேர், கல், மரத்துண்டு எல்லாம் மேலே தங்கிவிடும், கீழே விழும் மண்தான் சோதனைக்கு. சலிப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்குவேன். என் மண்ணில் ஒரு வேர்நார் பார்க்க முடியாது என்று டாக்டரே வெளியாட்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த மண்ணில் கல்லும் வேரும் கொஞ்சம். கறுப்புத் துண்டுகள் நிறைய. மிளகளவு, கொத்தமல்லி விதையளவு கரி. காடு வெட்டினாலும் ரப்பர் வெட்டினாலும் கட்டையை எரிப்பார்கள், மறுநடவு மண்ணில் கரி இருப்பது சாதாரணம். அப்படித்தான் நினைத்தேன். இரண்டு கை நிறைய வந்தது. கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடை ஓரம் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மண்ணில் லேபிள் அளவுக்கு மருந்து கலந்து ஒரு நாள் வைத்தேன். எடை பார்த்துத் தண்ணீர் சேர்த்தேன். ஒவ்வொரு ஜாடியிலும் ஐம்பது வேலைக்காரக் கரையான், கூடவே சில சிப்பாய்கள், தின்ன ஒரு துண்டு ஈரத்தாள். மருந்தே கலக்காத ஜாடிகளும் பக்கத்திலேயே. அதை கன்ட்ரோல் என்போம். அதில் கூட்டமாகச் செத்தால் வேறு ஏதோ கோளாறு என்று அர்த்தம், மொத்தச் சோதனையையும் குப்பையில் போட வேண்டியதுதான். இந்தத் தடவை கன்ட்ரோலில் எல்லாம் உயிரோடு இருந்தன. மருந்து ஜாடிகளில் மூன்றாம் நாளே ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று முறை தொட்டேன், ஐந்து ஐந்தாக எண்ணினேன். எதிலும் தவறில்லை.

டாக்டர் மேசைக்கு வந்து வாசித்தார். கண்டேன் என்றேன். கையெழுத்திட்டார். மருந்து நன்றாக இருக்கிறது, மண்ணில் மருந்தைத் தடுக்கும் குணம் தெரியவில்லை என்று அறிக்கை போனது.

ஐந்து வாரம் கழித்து ஒரு விற்பனையாளர் வந்தார். செம்பனைக் கழிவைச் சுட்டுச் செய்த மண் ஊட்டம் என்று ஒரு பையை மேசையில் வைத்தார். குழியில் கலந்தால் மண் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், உரம் ஓடிப்போகாது, நாற்பது சதவீதம் மிச்சம், ஐம்பது சதவீதம் மிச்சம் என்று அடுக்கினார். இதற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். பையைப் பிரித்தேன். மிளகளவு, கொத்தமல்லி விதையளவு கறுப்புக் குருணை.

எந்தெந்தத் தோட்டத்தில் போடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்ன பட்டியலில் இரண்டாவது பெயர் அந்தத் தோட்டம்.

மண் மாறிவிட்டது என்று சரஸ்வதி சொன்னாள். மாறியது எதுவோ, அதைத்தான் நான் சல்லடையில் பிடித்து வெளியே கொட்டினேன். அவள் கன்றுகளுக்கு ஊற்றிய மண்ணை நான் சோதிக்கவே இல்லை. அதிலிருந்து கரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு வேறொரு மண்ணைச் சோதித்தேன். கரி நாற்றத்தைப் பிடிக்கும், சாயத்தைப் பிடிக்கும், மருந்தைப் பிடித்துவைக்காதா? பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

விற்பனையாளர் போனதும் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். கணக்கெழுதும் கிராணி எடுத்தார். சரஸ்வதி மண்டோர் இருக்காங்களா என்றேன். "அவங்கள நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே மேடம். உங்க ரிப்போர்ட் வந்த வாரமே விசாரிச்சு முடிச்சுட்டாங்க" என்றார். பாசிர் கூடாங்கில் தம்பி வீட்டில் இருப்பதாகச் சொல்லி அந்த நம்பரையும் கொடுத்தார்.

டாக்டரிடம் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கினது எங்கை?"

"கொட்டிட்டேன் டாக்டர்."

"எவ்வளவு எண்டு எழுதினீரா?"

"இல்ல."

"நான் கேட்டனானா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப இது என்ரை பிழையும்தான்" என்றார். அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார். பாரத்தில் அந்தக் கட்டம் வந்தது அப்படித்தான்.

உடனே சரஸ்வதிக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் மறுத்தார். கரி மருந்தைப் பிடிக்கிறது என்பது இப்போது நம் நினைப்பு மட்டும்தான், கண்டபிறகு சொல்லலாம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு தடவை உறுதியில்லாததை உறுதியாகச் சொல்லி ஒரு பெண்ணின் வேலை போயிருக்கிறது, இன்னொரு தடவையும் அதைச் செய்வதா?

மறுபடி ஆரம்பித்தோம். கூடத்தின் செலவிலேயே. தோட்டத்திலிருந்து புது மண், கரியோடு. அதே மண், கரி நீக்கியது. பாதிக் கரி, முழுக் கரி, ஒவ்வொன்றிலும் மருந்தின் பல அளவுகள். ஜாடிகள் மேசையில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் வழக்கமான அளவே தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் பார்த்தால், கரி போட்ட கன்ட்ரோல் ஜாடியில் கரையான்கள் சுருங்கிச் செத்துக் கிடந்தன. மருந்தே இல்லாத ஜாடி! கரி ஜாடியின் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது, காய்ந்து செத்திருக்கின்றன. என் புத்திக்கு அது முதலிலேயே எட்டியிருக்க வேண்டும்.

டாக்டர் கன்ட்ரோல் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழுக்கக் கொட்டும். திரும்பத் தொடங்குவம்" என்றார். அந்த வாரம் பூராவும் மழை. வேர்க்கட்டைகளிலிருந்து புதுக் கரையான் பிடிக்க முடியவில்லை. பிடித்து, ஒவ்வொரு மண்ணும் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று தனித்தனியாக அளந்து, அதற்கேற்ப ஊற்றி, மூடி, இருட்டு அலமாரியில் வைக்கப் பத்து நாள் ஓடிவிட்டது.

இந்தத் தடவை கன்ட்ரோல் எல்லாம் பிழைத்தன. கரி நீக்கிய மண்ணில் மூன்றாம் நாள் எல்லாம் சாவு. பாதிக் கரியில் கொஞ்சம் சாவு, நிறையத் தள்ளாட்டம். முழுக் கரி போட்ட ஜாடியில் ஏழாம் நாள் மூடியைத் திறந்தேன். ஈரத்தாளைத் தின்று முடித்துவிட்டு ஜாடியின் சுவரோரம் மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டிருந்தன. லேபிள் அளவைப்போல் இரு மடங்கு ஊற்றிய ஜாடியில்கூட நடமாட்டம் இருந்தது. வேலைத் திருப்தி என்று ஒன்று உண்டே, அது எனக்கு அன்றைக்கு வரவில்லை. ஒவ்வொரு கரையானும் நடக்கிறபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று தலைப்பிலேயே போட்டு இரண்டாவது அறிக்கை போனது. தோட்டம் நன்றி சொல்லிக் கடிதம் போட்டது. குழியில் கரி போடுவதை நிறுத்திவிட்டார்களாம். சரஸ்வதி பற்றி ஒரு வரியும் இல்லை. டாக்டர் நிர்வாகியைப் போனில் பிடித்தார். வேலையை விட்டுப் போனவர் விஷயம் முடிந்துவிட்டது, அந்த வீட்டில் வேறு ஆள் வந்தாயிற்று என்று பதில். டாக்டர் போனை வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அறிக்கையக் காட்டலாமா டாக்டர்?" என்றேன்.

"ஏலாது. அறிக்கை தோட்டத்துக்குச் சொந்தம். ஆனா பிழை எங்களுக்குச் சொந்தம். அதைச் சொல்ல ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. எப்ப போவம்?"

மறுநாள் மதியமே போனோம். பாசிர் கூடாங்கில் நான்காவது மாடி. தம்பி இரவு ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் எல்லாரும் மெதுவாகப் பேசினோம். சரஸ்வதி ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். தம்பியின் குழந்தை இடுப்பில். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மைலோ கலக்கப் போனாள்.

டாக்டர் உட்காரவில்லை. அவள் திரும்பி வந்ததும் நின்றபடியே சொன்னார். "அம்மா, நாங்கள் செய்த சோதனை பிழை. உங்கடை மண்ணிலை கலந்திருந்த கரிதான் மருந்தைப் பிடிச்சு வச்சிருந்தது. நாங்கள் அந்தக் கரியை எடுத்துப்போட்டுச் சோதிச்சிட்டம். எங்களை மன்னிக்க வேணும்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

"அப்போ நான் ஊத்துன அளவு சரிதானா சார்?"

ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

"அது எங்களுக்குத் தெரியாது அம்மா. நாங்கள் அதை அளக்கேல்லை. நீங்கள் சரியா ஊத்தியிருந்தாலும் கரையான் செத்திருக்காது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சரஸ்வதி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எனக்கும் அதுதான் தெரியல சார். அளவுக் கோப்பை உடைஞ்சு நாலு வருஷம் ஆச்சு. புதுசு கேட்டு எழுதிக் குடுத்தேன், வரல. கண்ணாலதான் ஊத்துவேன். லேப்ல மருந்தும் சரி மண்ணும் சரின்னு எழுதிட்டாங்கன்னு அன்னைக்கு லாரியில கூட்டிட்டு வந்த சின்ன தொரை படிச்சுக் காட்டுனாரு. லேப் பொய் சொல்லுமா? அப்போ என் கைதானே தப்பு? இங்க குளிக்கப் போறப்பல்லாம் டப்பால தண்ணிய ஊத்தி ஊத்திப் பார்ப்பேன். யூனியன்காரர் வேலயத் திருப்பிக் கேட்டு அறுபது நாளுக்குள்ள லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடு, தாண்டுனா எடுத்துக்க மாட்டாங்கன்னாரு. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல, என்னத்த எழுதுறது?"

நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். அறுபது நாள் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. கன்ட்ரோல் ஜாடியில் நான் காயவைத்துக் கொன்ற கரையான்களும், மழையும், கண்டபிறகு சொல்லலாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டதும், அந்த எட்டு நாளுக்கு மேலேயே இருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டேன், அங்கே அழுகிற உரிமை எனக்கில்லை.

டாக்டர் கேட்டார். "ஒரு ட்ரம்முக்கு எவ்வளவு ஊத்துவீங்கள்?"

"நூறு மில்லி சார்."

"இப்ப ஊத்திக் காட்டுவீங்களோ?"

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நானும் அவரைப் பார்த்தேன். அவர் குழந்தையின் பால் புட்டியைக் காட்டினார், பத்துப் பத்தாகக் கோடு போட்டது. சரஸ்வதி சமையலறையிலிருந்து ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை எடுத்து வந்து, கழுவி, தண்ணீர் நிரப்பினாள். மருந்துக் கேனும் இதே கனம்தான் இருக்கும் என்றாள். அவள் ஒரு சில்வர் டம்ளரில் ஊற்ற வேண்டும், அதை நான் வாங்கிக்கொண்டு போய் அவளுக்கு முதுகு காட்டி நின்று புட்டியில் ஊற்றி, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும், எண்ணை வாயால் சொல்லாமல் டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தன் எண்ணைத் தெரிந்துகொண்டால் அடுத்த தடவை கை தானாகத் திருத்திக்கொள்ளும். கூடத்தில் எப்படிச் செய்வாரோ அப்படியே அந்தச் சமையலறையிலும் செய்தார்.

பத்துத் தடவை ஊற்றினாள். முதல் தடவை தூக்கிய கேனைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். கேனைச் சாய்க்கும்போது அவள் டம்ளரைப் பார்க்கவில்லை, கேன் வாயில் தண்ணீர் விழுகிற வளைவைத்தான் பார்த்தாள். ஒன்பது தடவை நூறு கோட்டின்மேல் நின்றது. ஆறாவது தடவை மட்டும் நூறுக்கும் நூற்றுப் பத்துக்கும் நடுவில். அப்போது கீழே தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது.

டாக்டர் பத்து எண்களையும் அவரே தமிழில் எழுதினார். அவருடைய தமிழ்க் கையெழுத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அடியில் தேதி போட்டு, படித்தவர் என்று என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லி, தானும் போட்டுத் தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினார். லேபர் ஆபீசில் அது செல்லாது. தோட்டத்தில் செல்லாது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

அவள் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு டாக்டரை நேராகப் பார்த்தாள். சத்தம் உயரவில்லை, தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு உங்க லேப் வாசல்லதானே சார் நின்னேன். இதை அப்பவே ஊத்திக் காட்டச் சொல்லியிருக்கலாமே."

"ஓம் அம்மா," என்றார் டாக்டர். "சொல்லியிருக்கலாம்."